சிவப்பு விழுந்தால் யார், என்ன செய்ய வேண்டும்?

டாஷ்போர்டு அமைப்பவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது ஒன்றுதான். ஒரு கேபிஐக்கு, அதாவது செயல்திறனை அளக்கும் முக்கிய எண்ணுக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுப்பதற்கு முன், அது சிவப்பானால் யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லையா? அப்படியானால் அதற்கு நிறம் வேண்டாம், வெறும் எண்ணாகவே இருக்கட்டும். நிறம் மாறும் எல்லைக்கோடு என்பது ஒரு நிர்வாக முடிவு. அதை மென்பொருளின் கையில் விட்டால் நிறம் இருக்கும், அர்த்தம் இருக்காது.

எக்செலையே எடுத்துக்கொள்வோம். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் மூன்று விளக்கு ஐகானைத் தேர்ந்தெடுத்தால், 67, 33 சதவீதம் என்று எல்லைகள் தாமாகவே வந்து உட்காரும். இவை டார்கெட்டின் சதவீதம் அல்ல. அந்தப் பட்டியலின் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தின் சதவீதம். ஐந்து கிளைகள் சரக்கை உரிய நேரத்தில் சேர்த்த விகிதம் 91, 93, 95, 97, 98 என்றால், முதல் இரண்டும் சிவப்பு, நடுவில் உள்ளது மஞ்சள், கடைசி இரண்டும் பச்சை. ஐந்தும் சேர்ந்தாற்போல் 30 புள்ளி சரிந்து 61, 63, 65, 67, 68 என்று ஆனாலும் நிறங்கள் இம்மியும் மாறாது! தொழிலே சரிந்து கிடக்கும்போது பச்சை காட்டும் விளக்கை நம்பி எப்படி முடிவெடுப்பது?

“எல்லாவற்றுக்கும் 90க்கு மேல் பச்சை, 80க்குக் கீழ் சிவப்பு என்று வைத்தால் எளிதாயிற்றே” என்பார்கள். பார்ப்பதற்கு எளிதுதான். ஆனால் பில்களில் பத்தில் ஒன்று தப்பாகப் போவதை எந்த முதலாளியும் பச்சை என்று சொல்ல மாட்டார். வாடிக்கையாளரிடமிருந்து பணம் வசூலாகும் நாட்கள் குறையக் குறைய நல்லது. கையிருப்புச் சரக்கோ கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அதனால் ஒவ்வொரு எண்ணின் கடந்த ஓராண்டு, ஈராண்டு ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள். இயல்பான அசைவையும் உண்மையான கோளாறையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இலேயே வகுத்துவிட்டார். வழக்கமான அசைவுக்கெல்லாம் சிவப்பு விழுந்தால், நாளடைவில் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சரிசெய்ய இன்னும் அவகாசம் இருக்கும்போதே மஞ்சள் வர வேண்டும்.

“எல்லை கறாராக இருந்தால்தான் ஆட்கள் வேலை செய்வார்கள்” என்ற வாதத்திலும் பாதி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் அனுமதிக்கவோ அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கு வந்தபின் நீண்ட காத்திருப்பு குறைந்தது. கூடவே, நான்கு மணி நேரம் முடியும் தறுவாயில் அனுமதிக்கப்பட்ட அல்லது அனுப்பப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென எகிறியது. கோடு ஆட்களை வேலை வாங்கும், அதே கோடு கோட்டுக்காக மட்டும் வேலை செய்யவும் பழக்கும். ஆகவே வேகத்தை அளந்தால் தரத்தையும் பக்கத்திலேயே அளக்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் உங்கள் டாஷ்போர்டைத் திறந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே பொறுப்பானவரின் பெயரையும் அவர் செய்ய வேண்டியதையும் எழுதுங்கள். பெயர் எழுத முடியாத நிறத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.