மீட்டர் எண்பது காட்டுகிறதா? கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்!

பக்கத்து வீட்டுப் பையன் புது 110 சிசி ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, "அங்கிள், தொண்ணூறு போகுது!" என்றான். முள் தொண்ணூறைத் தொட்டிருக்கும், வண்டி தொட்டிருக்காது. நிஜ வேகம் எவ்வளவு என்று செலவில்லாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

1. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது சர்வதேச விதி. அதனால் வண்டி செய்பவர்கள் கூடுதல் பக்கமே வைத்துவிடுகிறார்கள். என் வண்டியில் முள் 80-ல் நிற்கும்போது நிஜம் 74. பல ஸ்கூட்டர்களில் மீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடுவதால், முன் டயர் தேயத் தேய இந்தப் பொய் இன்னும் கொஞ்சம் கூடும்.

2. மெயின் ஸ்டாண்டில் போட்டு முறுக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம். பின் சக்கரம் பறக்கும், முன் சக்கரம் நிற்கிறதே, முள் எங்கே நகரும்? ஸ்டாண்டிலிருந்து வண்டி சறுக்கினால் நேரே சுவர்தான்.

3. சோதனைக்கு முதல் நாளே டயரில் காற்று பிடியுங்கள். அளவு எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பங்க்கில் இருப்பவரின் 'கை அளவு' உதவாது. பிறகு இன்ஜினை அணைத்து, மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். 'உஸ்... உஸ்...' என்று உரசல் கேட்டால் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் கேபிள் முனையில் இருக்கும் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி சுற்றிப் பாருங்கள். அப்புறம் மறக்காமல் பிரேக்கை இரண்டு முறை அழுத்தி, சரியாகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

4. இடம்: நடுவில் தடுப்புள்ள நாலு வழிச் சாலை, மேடு பள்ளம் இல்லாத நேர்ப் பகுதி. நேரம்: நன்றாக விடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த சாலை. அங்கே இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வரம்பு 80. அதற்கும் குறைவாகப் பலகை இருந்தால் பலகை சொல்வதுதான் சட்டம், வேறு இடம் பாருங்கள். 125 சிசி வைத்திருப்பவர்கள் உச்சத்துக்குப் போகவே வேண்டாம். முள்ளை 60-ல் நிறுத்தி, மீட்டர் எவ்வளவு கூட்டுகிறது என்று பார்த்தாலே போதும். நண்பரையும் கூட்டிப் போய் இரண்டு வண்டியாகச் சோதிக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் அதற்குப் பந்தயம் என்று பெயர்.

5. பத்து நிமிடமாவது ஓட்டி இன்ஜின் சூடேறிய பிறகே சோதனை. எழுபதுக்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்துக்கும் சின்ன வண்டி கெஞ்சும், அதனால் நீண்ட ஓட்டம் கொடுங்கள்.

6. செல்போன் ஜிபிஎஸ் செயலி நல்ல சாட்சி. ஆனால் 'அதிகபட்ச வேகம்' என்று அது காட்டும் ஒற்றை எண்ணை எடுக்காதீர்கள், பாலத்தடியில் ஒரு நொடி குழம்பினாலும் கன்னாபின்னாவென்று ஏறிவிடும். பத்து வினாடியாவது மாறாமல் நின்ற எண்தான் கணக்கு. போன் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும், வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

7. ஜிபிஎஸ் இல்லாமலும் முடியும். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பையில் போடுங்கள். கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது ஹாரனை ஒரு தட்டு, அடுத்த கல்லில் இன்னொரு தட்டு. வீட்டில் கேட்டு, இரண்டுக்கும் நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள். 3600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வேகம். 60 வினாடி என்றால் 60, 50 என்றால் 72, 48 என்றால் 75, 45 என்றால் 80. சில கற்கள் சாலை அகலப்படுத்தும்போது இடம் மாறி நடப்பட்டிருக்கலாம், இரண்டு மூன்று கல் தூரம் எடுத்தால் பிழை தெரிந்துவிடும்.

8. போன பாதையிலேயே எதிர்த் திசையில் திரும்பியும் ஓட்ட வேண்டும். ஆடி மாதம் பொள்ளாச்சி – உடுமலை சாலையில் நான் பார்த்தது: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிராகப் பொள்ளாச்சி நோக்கிப் போகும்போது 66, திரும்பி வரும்போது 78. அந்த 78-ஐ மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கலாம்! சராசரியான 72-தான் கணக்கு. 1997-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஒலியையும் மிஞ்சிய 'திரஸ்ட் எஸ்எஸ்சி' கார்கூட ஒரு மணி நேரத்துக்குள் இரு திசையிலும் ஓடித்தான் சாதனைப் பட்டியலில் ஏறியது. நம் ஸ்கூட்டருக்கு என்ன சலுகை?

9. துப்பட்டா, முந்தானை, தளர்ந்த மழைக்கோட்டு எதுவும் கூடாது. சக்கரத்தில் சிக்கும் ஆபத்து ஒன்று, காற்றில் படபடத்து வேகத்தை இழுப்பது இன்னொன்று. குனிந்து படுத்து ஓட்டினால் இரண்டு மூன்று கூடும்தான், ஆனால் ஆபீசுக்கு அப்படியா போகிறீர்கள்?

10. மின்சார ஸ்கூட்டர் என்றால் பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு முறை, வடியப்போகும்போது ஒரு முறை பாருங்கள்.

11. கிடைத்த எண்ணைத் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். இதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். என் வண்டி ஒரு வருடத்தில் 74-லிருந்து 67-க்கு இறங்கியது. மெக்கானிக் அண்ணன் மூடியைக் கழற்றி, பெல்ட்டை உள்பக்கம் வெளியே தெரிய மடக்கிக் காட்டினார். பித்தவெடிப்பு கண்ட குதிகால் மாதிரி கோடு கோடாக வெடித்திருந்தது. முன் புல்லியில் பெல்ட் மேலே ஏற ஏறத்தான் வேகம் கூடும், தேய்ந்து ஒல்லியான பெல்ட் அவ்வளவு மேலே ஏறாது. உள்ளேயிருக்கும் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையானாலும் இதே கதைதான். விட்டிருந்தால் என்றாவது நடுரோட்டில் அறுந்திருக்கும்.

12. அந்த எண் இன்னொன்றுக்கும் உதவும். இருவழிச் சாலையில் 60-ல் போகும் பஸ்ஸை நீங்கள் நிஜமான 75-ல் முந்துகிறீர்கள். பஸ்ஸின் நீளம், முன்னும் பின்னும் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து 34 மீட்டர் கூடுதலாகக் கடக்க எட்டு வினாடி ஆகும். அதற்குள் நீங்கள் 170 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 80-ல் வரும் கார் 180 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக 350 மீட்டர் காலிச் சாலை வேண்டும். மீட்டரின் 75-ஐ நம்பி 69-ல் முந்தினால் எட்டு வினாடி பதின்மூன்றைத் தாண்டும். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியவில்லையா, பஸ்ஸின் பின்னாலேயே போங்கள். அடுத்த ஸ்டாப்பில் எப்படியும் நிற்கும்.