உள நெருக்கீடும் அன்றாடச் சுகவாழ்வும்



சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இப்பகுதி வினாத்தாளுக்கு மட்டும் உரியதன்று. அவ்வினாத்தாளை எதிர்கொள்ளப் போகும் உங்களுக்கும் உரியது. எனவே மனனஞ் செய்யாது, விளங்கிக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. உள நெருக்கீடு என்றால் என்ன?

நாம் எதிர்கொள்ளும் சவால், அதனைச் சமாளிக்கும் எமது ஆற்றலை மிஞ்சிவிட்டதாக உணரும்போது உடலிலும் உள்ளத்திலும் ஏற்படும் மாற்றமே உள நெருக்கீடு ஆகும். பரீட்சை, குடும்பத்தின் பணக் கஷ்டம், நண்பர்களுடனான பிணக்கு, பிறருடன் ஒப்பிட்டுப் பேசப்படுதல் என்பன கட்டிளமைப் பருவத்தினரில் இதற்கான காரணங்களாகும்.

2. உடலில் நிகழ்வது என்ன?

நாய் ஒன்று துரத்துவதாகக் கொள்வோம். உடனே அதிரினலின் ஓமோன் சுரக்கும். இதயத்துடிப்பு, சுவாச வீதம், குருதியமுக்கம் என்பன அதிகரிக்கும். குருதியில் குளுக்கோசு கூடும், சமிபாடு மந்தமாகும். இதனைப் "போராடு அல்லது தப்பியோடு" எனும் துலங்கலாக வோல்ட்டர் கனன் என்பவர் 1915இல் விளக்கினார்.

நாய் போனதும் உடல் வழமைக்குத் திரும்பிவிடும். பரீட்சைப் பயமோ மாதக்கணக்கில் கூடவே இருக்கும். நெருக்கீடு நீடித்தால் உடல் எச்சரிக்கை நிலை, எதிர்ப்பு நிலை என்பவற்றைக் கடந்து களைப்பு நிலையை அடையும் என்பது ஹான்ஸ் செல்யேயின் விளக்கமாகும். தலைவலி, வயிற்றுக் கோளாறு, நித்திரையின்மை, மறதி, எரிச்சல் என்பன அதன் அறிகுறிகள்.

எனவே சிறிதளவு நெருக்கீடு தீயதன்று. அது படிக்கத் தூண்டும். ஓய்வின்றித் தொடரும் நெருக்கீடே தீங்கானது.

3. முகாமை செய்யும் வழிகள்

(அ) நித்திரை: 13-18 வயதினருக்கு 8-10 மணித்தியால நித்திரை அவசியம். பகலில் கற்றவை நித்திரையின்போதே நினைவில் உறுதிப்படுகின்றன. இரவிரவாக விழித்துப் படிப்பது ஓட்டை வாளியால் தண்ணீர் அள்ளுவது போன்றது. இரவில் கோப்பியும் சாயம் கூடிய தேநீரும் வேண்டாம்.

(ஆ) உணவு: காலையுணவைத் தவிர்க்காதீர்கள். அவித்த பயறு, கடலை, இலைக்கஞ்சி, முட்டை என்பன செலவு குறைந்த போசணை மிக்க உணவுகள்.

(இ) உடற்பயிற்சி: நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் உடலை இயக்குங்கள். ரியூசனுக்கு வேகமாகச் சைக்கிள் மிதித்து வருவதும் இதில் அடங்கும்.

(ஈ) சுவாசப் பயிற்சி: மூச்சை மெதுவாக உள்ளெடுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடுங்கள். இதயத்துடிப்பு தணியும். பரீட்சை மண்டபத்திலும் இதனைச் செய்யலாம்.

(உ) மனம்விட்டுப் பேசுதல்: பெற்றோர், ஆசிரியர், நண்பர் எவருடனாவது பேசுங்கள். கவலை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் எனும் எண்ணம் ஒருமுறையேனும் தோன்றினாலோ தாமதியாது உதவி பெறுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எனும் இலக்கத்துக்கு அழைக்கலாம். இது பலவீனமன்று, காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது போன்றதே.

4. மாதிரி வினா

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் மாணவன் ஒருவன் இரவு 2 மணி வரை படிக்கிறான், காலையுணவு உண்பதில்லை, விளையாட்டையும் நிறுத்திவிட்டான்.

(i) அவனில் தோன்றக்கூடிய அறிகுறிகள் இரண்டு தருக.
(ii) அவனுக்குரிய ஆலோசனைகள் மூன்றைக் காரணத்துடன் எழுதுக.

கவனிக்க: "நன்கு நித்திரை கொள்ள வேண்டும்" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவுறாது. ஏன் என்பதையும் எழுதுங்கள்.

விடையை எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, இன்று நேரத்துடன் நித்திரைக்குச் செல்லுங்கள். அதுவும் பரீட்சைக்கான ஆயத்தமே.