மழைக்கு முன் கேளுங்கள்: சாவி யாரிடம்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே அக்டோபர் 2 கிராம சபை வந்துவிடுகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று இன்னொன்று. கடலோர, டெல்டா கிராமத்தினர் இந்த இரு கூட்டங்களிலும் மழையை முதல் பொருளாக வையுங்கள்.

2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரி நல்லவாடு மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து சுனாமியைப் பற்றி எச்சரித்தார். ஊரார், பூட்டியிருந்த கிராமத் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். அலை உயரமும் வானிலையும் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி என்பதால் மக்கள் நம்பி ஓடினார்கள். ஊர் பிழைத்தது. ஆனால் உங்கள் ஊரில் கதவை உடைக்கும் நிலை வர வேண்டாம்.

கிராம சபையில் முடிவு செய்யுங்கள்

1. புயல் பாதுகாப்பு மையம், பள்ளிக்கூடம், ஒலிபெருக்கி அறை ஆகியவற்றின் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். அவர்கள் பெயரையும் போன் எண்ணையும் மையத்தின் சுவரில் எழுதுங்கள். ஜெனரேட்டரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

2. படுத்த படுக்கையாக இருப்பவர், தனியே வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி, நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரைத் தெருவாரியாகப் பட்டியலிடுங்கள். சுய உதவிக் குழுப் பெண்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எந்த வீட்டில் யார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் அழைத்துவர இரண்டு பேரையும் ஒரு வண்டியையும் இப்போதே ஒதுக்குங்கள்.

3. எல்லாத் தெருவினரும் ஒரே மையத்தில்தான் தங்குவார்கள் என்பதைச் சபையிலேயே உரக்கச் சொல்லுங்கள். உள்ளே விடுவார்களா என்ற தயக்கம் ஓர் உயிரைக்கூடப் பறிக்கக் கூடாது.

4. மூத்த விவசாயிகளோடு வடிகால் வாய்க்கால் நெடுக நடந்து பாருங்கள். முந்தைய வெள்ளம் எங்கே தேங்கியது என்று அவர்கள் காட்டுவார்கள். ஆகாயத்தாமரையை அகற்றுங்கள், மதகுப் பலகை ஏறி இறங்குகிறதா என்று சோதியுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

இருட்டும் முன்பே கிளம்புங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது நள்ளிரவுக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க முடியாது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். நேரம் இருந்தால் தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கிறது, அடுத்து எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகை பாருங்கள். கடைக்கோடி வீட்டு முதியவரை மையத்தில் கொண்டுவந்து சேர்க்க எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து, அதைச் சாவிக்காரர் பெயருக்குக் கீழே எழுதி வையுங்கள்.