யன்னலில் ஓர் உள்ளங்கை இடம்

பறவைப் படம் எடுப்பதென்றால் அம்பாறை மாவட்டத்தில் குமண, லகுகல, கல்ஓயா என்றுதான் பேச்சுப் போகும். அவை அருமையான இடங்கள். ஆனால் வாகனமும் ஒரு முழு நாளும் வேண்டும். ஒலுவில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், வளவுக்குள் ஒரு செவ்வரத்தையும் முருங்கையும் நாலு வாழையும் நின்றால் போதும். தேன்சிட்டு, கொண்டைக்குருவி, குண்டுக்கரிச்சான், புலுனிக் கூட்டம், செண்பகம், அணில், ஓணான் எல்லாம் தாமாகவே வரும். நாம் முற்றத்தில் இறங்கியதும் பறந்துவிடும் தேன்சிட்டு, யன்னலுக்குப் பின்னால் அசையாமல் இருப்பவரைப் பெரும்பாலும் கணக்கெடுப்பதில்லை. முழங்கால் வலியால் வெளியே நடக்க முடியாத உம்மம்மாவும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருந்த இடத்திலிருந்தே நல்ல படம் எடுக்கலாம். அதற்கு முழு யன்னலும் தேவையில்லை. லென்ஸின் வாய் அளவுக்கு, ஓர் உள்ளங்கை இடம் தெளிவாக இருந்தால் சரி. மிச்சக் கண்ணாடியை மறைத்துவிடலாம், மறைப்பதே நல்லது.

முதலில் யன்னலைத் தெரிவுசெய்யுங்கள். இந்தக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஆகவே காலையில் மேற்குப் பக்க யன்னல்தான் பொருத்தம்: வெயில் உங்கள் முதுகுப் பக்கமாக வந்து மரத்தின் முகத்தில் விழும். வீட்டு நிழலைக் கவனிக்க வேண்டும். 12 அடி உயரமான வீடு காலை எட்டு மணியளவில் மேற்கே ஏறத்தாழ 20 அடிக்கு நிழல் போடும். அதற்குள் நிற்கும் செடியை விட்டு, அதற்கு அப்பாலுள்ள கிளையைக் குறிவையுங்கள். அஸருக்குப் பிறகு கிழக்கு யன்னலுக்கு மாறிக்கொள்ளலாம். நடுப்பகல் வேண்டாம். வெயில் உச்சியில் நிற்கும்போது பறவையின் கண் நிழலில் மறைந்துவிடும். கண் தெரியாத படத்தில் உயிர் இருக்காது.

அடுத்தது கண்ணாடி. கடலோர வீடுகளில் இதற்குத்தான் கூடிய கவனம் வேண்டும். வாடை வீசும் மாதங்களில் உப்புத் திவலை வெளிப்பக்கத்தில் வெண்படலமாகப் படியும். கச்சான் காலத்தில் வயற்பக்கத்துப் புழுதி வந்து ஒட்டும். இரண்டையுமே காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. உப்புப் பரலும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். அந்தக் கீறலில் வெயில் பட்டால் படம் முழுவதும் வெளிறும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் குழாய் நீரை எடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் திரும்பவும் படலம் பிடிக்கும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட நீரில் பருத்தித் துணியை நனைத்துத் துடைத்து, கடைசியில் காய்ந்த மென்துணியால் ஒற்றுங்கள். படம் எடுக்கும் நாட்களில் அந்த உள்ளங்கை இடத்துக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். இரவு முழுக்க ஏசி ஓடிய அறையென்றால் விடியும்போது கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்திருக்கும். ஒரு மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்திவிடுங்கள்.

பிரதிபலிப்புத்தான் யன்னலோரப் படத்தின் பெரிய எதிரி. சாதாரணக் கண்ணாடியின் இரண்டு முகங்களும் சேர்ந்து, நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 8 வீதத்தைத் திருப்பி அனுப்பும். அறையில் லைட் எரிந்தால் அந்த 8 வீதத்தில் உங்கள் முகமும் தொலைக்காட்சியும் சுவர்க் கடிகாரமும் பறவையின் மேல் வந்து அமரும். அறையை இருட்டாக்குங்கள். எதிர்ப்பக்க யன்னலின் திரைச்சீலையையும் இழுத்துவிடுங்கள். கறுப்பு அல்லது கருநீல உடுப்பு நல்லது. ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, யன்னல் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால் பிரதிபலிப்பு அடியோடு போய்விடும். பறவைக்கும் உங்கள் அசைவு தெரியாது. இந்த ஒரு துணி, விலை கூடிய வடிகட்டிகளைவிட உதவும்.

லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல், நேர்குத்தாகப் பிடியுங்கள். சரித்துப் பிடித்தால் படத்தின் கூர்மை கெட்டு விளிம்புகள் இரட்டிக்கும். பறவை பக்கவாட்டில் இருந்தால் கமராவைத் திருப்புவதைவிட நீங்கள் இடம் மாறுவதே மேல். லென்ஸ் முனையில் ரப்பர் ஹூட் ஒன்றை மாட்டினால் கண்ணாடியும் கீறாது, ஓர ஒளியும் நுழையாது. இரும்புக் கம்பி போட்ட யன்னல்தான் நம் வீடுகளில் அதிகம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே லென்ஸை நுழைத்து, ஒரு சிறு தலையணையைக் கம்பியில் அணைத்துத் தாங்குகொடுத்தால் முக்காலி தேவைப்படாது. நுளம்பு வலை அடித்த யன்னலில் கூர்மையான படம் கிடைப்பது கடினம், வேறு யன்னலைப் பாருங்கள்.

அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பச்சர் எஃப் 4 முதல் 5.6 வரை: அகலத் திறந்தால் கண்ணாடியில் மிஞ்சிய தூசு கரைந்து மறையும். அமர்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் 1/250. பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுக்கு 1/1000, முடிந்தால் இன்னும் கூட. அதற்கேற்ப ஐஎஸ்ஓவை 800, 1600 என்று உயர்த்தத் தயங்க வேண்டாம். குண்டுக்கரிச்சானின் கறுப்பு இறகு விவரமின்றி அடைபட்டால் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள், வெள்ளைக் கொக்குக்குக் குறையுங்கள். ஃபிளாஷை அணைத்தே வையுங்கள். அது கண்ணாடியில் பட்டு உங்களிடமே திரும்பும். போனில் எடுப்பவர்கள் போனைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பறவை வந்து அமரும் கிளையைத் திரையில் அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். படம் உடையும். அதற்குப் பதிலாகப் பறவையைக் கிட்ட வரவழைப்போம்.

மழையில்லாத மாதங்களில் தண்ணீரைப்போல் பறவையை அழைப்பது வேறில்லை. வாய் அகன்ற மண்சட்டியில் ஓர் அங்குல ஆழத்துக்கு நீர் விட்டு, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். நாள்தோறும் நீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம்: டெங்கு நுளம்பு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்துவிடும். வாழைப்பொத்திக்கும் முருங்கைப் பூவுக்கும் தேன்சிட்டு வரும்; ஜாம் பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். வண்ணாத்திப்பூச்சி வேண்டுமென்றால் யன்னலோரம் ஒரு தேசிக்கன்றை நடுங்கள். அதன் இலையைப் புழு தின்னும்போது மருந்து அடிக்காதீர்கள், அந்தப் புழுவே பிறகு பூச்சியாகப் பறக்கும்.

பறவையை வீட்டருகே அழைக்கும்போது அதன் உயிருக்கும் நாம் பொறுப்பாகிறோம். வானமும் மரமும் கண்ணாடியில் தெரிந்தால் பறவை அதை வெளியென்று நம்பிப் பாய்ந்து மோதும். நீர்ச்சட்டியைக் கண்ணாடியிலிருந்து 3 அடிக்குள் வைத்தால், வெருண்டு எழும் பறவைக்கு வேகம் பிடிக்க இடமிராது. போனுக்கும் அந்தத் தூரம் பொருந்தும். பெரிய லென்ஸ்கள் பலவற்றுக்கு 3 அடி மிகக் கிட்டம். சட்டியை 15, 20 அடிக்குத் தள்ளினால் கண்ணாடிக்குக் குறி போட்டே ஆக வேண்டும். வெளிப்பக்கத்தில் சவர்க்காரக் கட்டியால் 2 அங்குல இடைவெளியில் கோடுகள் இழுங்கள்; மழை கழுவினால் திரும்பவும் இழுங்கள். உங்கள் உள்ளங்கை இடத்தை மட்டும் விடுங்கள். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து வந்து சேரும் ஆறுமணிக் குருவி இப்படி மோதி விழுவதுண்டு. விழுந்த பறவையை மூச்சோட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இருட்டான அமைதியான மூலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிந்ததும் மரத்தடியில் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.

கூட்டைத் தேடி இலையை விலக்கிப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். நாம் விலக்கிய இடைவெளியால் காகம் குஞ்சைக் காணும்.

இன்னொன்றும் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் மதிலுக்கு மதில் வீடு. நீண்ட லென்ஸ் பக்கத்து வளவின் கிணற்றடியை நோக்கி நீட்டி நின்றால் மனக்கசப்பு வரும், வருவது நியாயமும்தான். முன்கூட்டியே அந்த வீட்டாரிடம் சொல்லி, எடுத்த படங்களைக் காட்டுங்கள். மதில் தெரியும் கோணத்தைத் தவிர்த்து, உங்கள் மரத்தைப் பின்னணியாக்குங்கள்.

எடுத்த படங்களைத் திகதி, நேரம், ஊரோடு சேமியுங்கள். ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் அரித்துத் தென்னைகளையும் நிலத்தையும் கொண்டுபோன கரை இது. எந்த மரத்தில் எந்த மாதம் எது வந்தது என்ற பதிவு இங்கே வெறும் பொழுதுபோக்கு அல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கப்பட்ட களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகளுக்கு இத்தகைய வீட்டுப் பதிவுகள் பயன்படும். மரத்தின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள், தெரிந்தவரிடம் படத்தைக் காட்டிப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.