முகச் சீரமைப்பு அறுவையும் செவிலியர் பொறுப்பும்

மூணாறிலிருந்து சுமார் 13 கி.மீ. தொலைவிலுள்ள மாட்டுப்பட்டியும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளர் பலர் வாழும் பகுதிகளாகும். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகிய பிறவிக் குறைகளுக்கான சிறப்புச் சிகிச்சையை நாடுவோர் இங்கிருந்து மலையிறங்கிச் செல்ல வேண்டும். திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959இல் பணியேற்ற டாக்டர் ஆடன்வாலா இத்துறையில் பல்லாண்டு தொண்டாற்றினார். 2013இல் தொடங்கப்பெற்ற தேசிய சிறார் நலத் திட்டம், 18 வயது வரையுள்ளோரிடம் இக்குறைகளைக் கண்டறிந்து இலவசச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது.

குழந்தைப் பருவத்தில் பிளவு மூடப்பெற்றாலும் சிலருக்கு மேல்தாடை வளர்ச்சி குன்றிவிடுகிறது. முக எலும்பு வளர்ச்சி ஏறத்தாழ நிறைவுறும் வயதில் அவர்களுக்குத் தாடைச் சீரமைப்பு அறுவை தேவைப்படலாம். அறுவை சில மணி நேரமே. முன்னும் பின்னுமான பராமரிப்போ பல மாதங்கள். அறுவை மருத்துவர், பல் சீரமைப்பு மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பள்ளி, குடும்பம் ஆகிய அனைவரையும் ஒரே செவிலியர் இணைத்துத் தொடர்வதே இப்பராமரிப்பின் அடிப்படை.

அறுவைக்கு முன்: இரத்தசோகையைக் கண்டறிந்து நீக்குதல், எடையைக் குறித்தல், பொதுத்தேர்வுக்கு இடையூறில்லாத நாளை ஆராய்தல் ஆகியவை முதற்கடமைகள். ஒப்பம் இடுபவர் பெற்றோரே எனினும், சிறுவர் சிறுமியரின் விருப்பத்தைத் தனியே கேட்டறிதல் வேண்டும். மேல்தாடையை முன்னகர்த்துவதால் சிலருக்கு மூக்கொலி மிகக்கூடும். எனவே பேச்சுப் பரிசோதனையும் அவசியம்.

மருத்துவமனையில்: தலை உயர்த்தி வைக்கப்பெற வேண்டும். தாடைகள் பிணைக்கப்பட்டிருப்பின், வாந்தியோ மூச்சுத் திணறலோ நேரும்போது உடனே துண்டிப்பதற்கான கருவி படுக்கையருகே எப்போதும் இருத்தல் வேண்டும். வீக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சமடையும் என்பதை முன்னரே கூறிவைத்தால், கண்ணாடியைக் காணும் இளையோர் மனமுடைய மாட்டார்கள். எழுதிக் காட்டப் பலகையும் தேவை.

வீடு திரும்பிய பின்: கஞ்சி, பால், வடிகட்டிய பருப்புநீர் முதலிய நீர்ம உணவையும், பின்னர் மென்மையான உணவையும் மருத்துவர் குறித்த காலம்வரை கொடுத்தல் வேண்டும். உணவுக்குப்பின் வாயை உப்புநீரால் கொப்பளித்தல் தொற்றைத் தடுக்க உதவும். அறிவுரைகள் தாய்மொழியில் எழுதித் தரப்பெறுதல் சிறப்பு. மலையாளக் குறிப்பைப் படிக்க இயலாத தமிழ்த் தாய்க்கு அக்குறிப்பால் பயனில்லை.

மறுபரிசோதனைக்குச் செல்ல நாட்கூலியை இழக்க வேண்டியிருப்பதால் பல குடும்பங்கள் தயங்கக்கூடும். கண்காணிப்பு தடைப்பட்டால் தாடை பழைய நிலைக்கு நகர்வது தெரியாமற் போகலாம். எனவே, மருத்துவமனைச் செவிலியர் ஊரின் பொதுச் சுகாதாரச் செவிலியருக்கு நோயாளியின் விவரங்களை முறையாக ஒப்படைத்தல் வேண்டும். இந்தத் தொடர்பு அறுந்தால், திறமையான அறுவையின் பயனும் குன்றிவிடும்.