பென்ஷன் வந்த பிறகு: பட்டாளத்துக்காரரின் வேலை உரிமைக்கு முழுமையான வழிகாட்டி

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பட்டாளத்தை முடித்து ஊர் திரும்புகிறவர் அரியலூரிலோ திருச்சியிலோ இறங்கி, கறுப்புத் தகரப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுதான் வந்து சேர வேண்டும். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். ஆளுக்கு வயது 38, 40 இருக்கும். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

என் சித்தப்பா அப்படித்தான் வந்து இறங்கினார். முதல் மாதம் உறவுக்காரர் வீட்டு விருந்து. அடுத்த மாதம் மக்காச்சோளக் காடு. மூன்றாவது மாதம், "எங்கயாவது செக்யூரிட்டி வேலை இருந்தா சொல்லுப்பா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சட்டப்படி அவருக்கு இருந்த உரிமைகளைச் சொல்ல அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

படி 1: நீங்கள் 'முன்னாள் படைவீரர்' தானா?

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் பணியாற்றி, பென்ஷன் பெற்று வந்தவர் முன்னாள் படைவீரர். பென்ஷனுக்குரிய சேவையை முடித்துவிட்டுச் சொந்த விருப்பத்தில் விலகியிருந்தாலும் தகுதி போகாது. படைப்பணியால் வந்த உடல்நலக் குறைவுக்காக ஊனமுற்றோர் பென்ஷனோடு அனுப்பப்பட்டவரும் இதில் சேர்த்தி. பென்ஷனுக்கு முன்பே தாமாகக் கேட்டு வெளியே வந்தவருக்கு இந்தத் தகுதி இல்லை.

நம் பக்கத்தில் குழப்பம் வருவது சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.காரர்கள் விஷயத்தில்தான். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிர்நீத்த 40 பேரில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடிக்காரர். அவர் சி.ஆர்.பி.எஃப். வீரர். தியாகத்தில் எந்தக் குறைவும் இல்லை. ஆனாலும் மத்திய ஆயுதக் காவல் படையில் ஓய்வு பெற்றவர்கள் மத்திய அரசு வேலைக்கான 'முன்னாள் படைவீரர்' ஒதுக்கீட்டுக் கணக்கில் வருவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். இருந்தாலும் விண்ணப்பத்தில் தவறான கட்டத்தை டிக் செய்து வாய்ப்பை இழந்துவிடாதீர்கள்.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு முடித்து வெளியே வரும் அக்னிவீரருக்கும் முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. அவர்களுக்கென்று தனியாக அறிவிக்கப்படும் சலுகைகளைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: டிஸ்சார்ஜ் புக்கை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் சித்தியின் பெயர் 'செல்வி'. ஆதாரில் 'தமிழ்ச்செல்வி'. இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். யூனிட்டில் இருக்கும்போதே, பணிப்பதிவில் மாற்றம் செய்யும் பார்ட் டூ ஆர்டர் போட்டுத் திருத்தியிருந்தால் சில நாளில் முடிந்திருக்கும். ஊருக்கு வந்த பிறகு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி, பதிலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று.

அதனால் பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி, மனைவி மக்கள் விவரம், விடுவிப்புக்கான காரணம் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே ஆதாரோடும் பள்ளிச் சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: சீருடையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. மத்திய அரசு வேலைகளுக்கு, விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் சேவை முடியப்போகிறவரும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கமாண்டிங் ஆபீசரின் சான்று வேண்டும். பென்ஷன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் வீணாகிவிடும்.

படி 4: மாவட்ட அலுவலகத்தில் பதிவு

ஊர் வந்ததும் உங்கள் மாவட்டத்துக்குரிய முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆதார், கல்விச் சான்றுகள், புகைப்படங்கள் கையில் இருக்கட்டும். அடையாள அட்டை அங்கேதான். வேலைவாய்ப்புப் பதிவும் அங்கேதான். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்க மறக்காதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அவ்வப்போது நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: ஒதுக்கீடு எவ்வளவு, வயது எப்படி?

மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பணிகளில் 10 சதவீதம், பழைய குரூப் டி பணிகளில் 20 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் அதுவே 14.5, 24.5 சதவீதம். படைப்பணியில் ஊனமுற்றவர்களுக்கும், உயிர்நீத்தவர்களின் குடும்பத்தினருக்குமான 4.5 சதவீதம் இதற்குள் அடக்கம்.

வயதைக் கண்டு பயப்பட வேண்டாம். இப்போதைய வயதில் படைச்சேவை ஆண்டுகளைக் கழியுங்கள். மீதி, அந்த வேலையின் உச்ச வயதைவிட 3 ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். 40 வயது, 20 ஆண்டு சேவை என்றால் கணக்குக்கு உங்கள் வயது 20.

படிப்பும் தடையில்லை. 10ஆம் வகுப்பு தேறி 15 ஆண்டு சேவை முடித்தவரை, தொழில்நுட்பத் தகுதி கேட்காத குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாக ஏற்றுக்கொள்ள விதி இருக்கிறது.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இரண்டு முறை கட்டண விலக்கு கிடைக்கும்.

படி 6: சேரும் நாளில் கொடுக்க வேண்டிய ஒரே ஒரு தாள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. ஆனால் 2014 ஆகஸ்ட் 14 தேதியிட்ட மத்தியப் பணியாளர் துறை ஆணை ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. முதல் வேலையில் சேர்வதற்கு முன்பே வேறு வேலைகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அந்த விண்ணப்பங்களைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, சுய உறுதிமொழியாக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால், பட்டியலில் உள்ள ஒரு வேலைக்குப் பின்னால் அழைப்பு வரும்போது அங்கேயும் ஒதுக்கீடு செல்லும்.

சித்தப்பா மூன்று இடத்துக்கு விண்ணப்பித்திருந்தார். முதலில் வந்தது சின்ன வேலை, தூரத்து ஊர். சேர்ந்தார். எட்டு மாதம் கழித்துத் திருச்சியிலேயே ஒரு நல்ல வேலைக்குத் தேர்வானார். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த உறுதிமொழியைக் கேட்டார்கள். அவரிடம் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அன்று இரவு வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்த இருப்பை நான் மறக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாள், பத்து நிமிடம். அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

ஆகவே விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, பணி, விண்ணப்ப எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சேரும் அன்றே உறுதிமொழியைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

சிமென்ட் ஆலை வாயிலில் ஒப்பந்தக் காவலராக நிற்பதால் தகுதி போய்விடுமோ என்று அரியலூர்ப் பக்கம் பலர் கேட்கிறார்கள். போகாது. எப்போது வேண்டுமானாலும் நீக்கக்கூடிய ஒப்பந்த, தற்காலிக வேலையால் ஒதுக்கீட்டு உரிமை பறிபோவதில்லை. 1986இல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகக் காவல் பணிக்குப் போவதும் நல்ல இடைக்கால வழிதான்.

மாநில அரசு வேலையில் கவனம் கூடுதலாக வேண்டும். ஒருமுறை முன்னாள் படைவீரராகத் தேர்வாகிப் பணியில் சேர்ந்துவிட்டால், மறுபடி டி.என்.பி.எஸ்.சி.யில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

படி 7: பென்ஷன் பிடித்தமாகுமா?

ஆகாது. அதிகாரி நிலைக்குக் கீழே ஓய்வு பெற்றவருக்கு, மறுவேலையில் சம்பளம் நிர்ணயிக்கும்போது முழு பென்ஷனும் கணக்கில் சேராது. புது வேலையின் சம்பளம் தனி, பென்ஷன் தனி.

வேலைக்குப் பதில் சொந்தத் தொழில் என்றால், 2024 சுதந்திர தினத்தில் தமிழக முதல்வர் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைக் கேளுங்கள். 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம்.

வேலையில் இருந்துகொண்டே சேவை செய்கிறவர்களுக்கு

இது வேறு வகை. டெரிட்டோரியல் ஆர்மி என்பது வேலை, தொழில் உள்ளவர்கள் சேரும் பகுதிநேரப் படை. 1949 அக்டோபர் 9 அன்று அதை முறைப்படி தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. நமக்குப் பக்கத்திலேயே, திருச்சியில், அதன் 117ஆவது காலாட்படை பட்டாலியன் இருக்கிறது. 2025 மே மாதம், இப்படையினரைத் தேவைக்கேற்ப அழைத்துக்கொள்ள ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் அளித்தபோது, தனியார் வேலையில் இருந்த பலருக்கு வந்திருக்கக்கூடிய முதல் கவலை, 'திரும்பி வந்தால் வேலை இருக்குமா?' என்பதுதான்.

1948ஆம் ஆண்டின் டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்தில் 7ஏ பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. படைக்கு அழைக்கப்பட்டவருக்கு விடுப்புத் தருவதும், முடிந்து வந்ததும் முன்பிருந்த நிலைக்குக் குறையாமல் வேலையில் சேர்த்துக்கொள்வதும் முதலாளியின் கடமை. மறுத்தால், அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் போகலாம். அவர் மறுபடி வேலை தரச் சொல்லி ஆணையிடலாம், அல்லது 6 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். அழைப்பு ஆணை வந்த பிறகு வேலையை விட்டு நிறுத்தினால், கடமையைத் தட்டிக்கழிக்கவே நிறுத்தினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. வருங்கால வைப்பு நிதி உரிமைகளுக்கு 7பி பிரிவு காப்பு.

வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அழைப்பு ஆணை கிடைத்த அன்றே அதன் நகலை மனிதவளப் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விடுவிக்கப்பட்டதும், 'இன்ன தேதியில் விடுவிக்கப்பட்டேன், இன்ன தேதியிலிருந்து பணிக்கு வரத் தயார்' என்று இரண்டே வரியில் எழுதி, விடுவிப்புச் சான்றின் நகலோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஷிஃப்டுக்கு நேரில் போய் நில்லுங்கள்.