சைவ வீட்டுப் பிள்ளைக்குப் பன்றி நாடாப்புழுவா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. போன மாதம் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வலது கையும் வாயோரமும் வெட்டி வெட்டி இழுத்தது. ஸ்கேனில் மூளையில் ஒரே ஒரு பூச்சிக் கட்டி, பன்றி நாடாப்புழுவால் வந்தது என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். முட்டைக்கோஸால்தான் என்கிறார் மாமியார். ஸ்கூலில் தரும் பூச்சி மாத்திரையையும் போட்டிருக்கிறானே, டாக்டர்?
- ஒரு வாசகி, ஆரணி

பதில்: வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக் கட்டி வரும் வழி வேறு. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறும். அவர் கையைச் சரியாகக் கழுவாமல் சோறு பிசைந்து ஊட்டினாலே போதும். முட்டை பிள்ளையின் வயிற்றில் பொரிந்து, ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். இதில் சைவம், அசைவம் பார்ப்பதற்கில்லை. முட்டைக்கோஸ் பாவம்! மலம் கலந்த தண்ணீர் பட்ட எந்தக் காயையும் பச்சையாகத் தின்றால் ஆபத்துதான். நன்றாக வேகவைத்தால் பயமில்லை.

ஸ்கூலில் தருவது ஒரே ஒரு அல்பெண்டசோல், 400 மி.கி. அது குடல் புழுக்களுக்கு. மூளைக்கும் அதே மருந்துதான். ஆனால் எடைக்கேற்ற அளவில், பல நாள், ஸ்டீராய்டோடு. புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடலாம் என்பதால், மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணுக்குள் புழு இல்லையென்று பார்த்த பிறகே தொடங்குவோம்.

ஒற்றைக் கட்டி என்பது நல்ல செய்தி. பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கி மறையும். ஒரு காலத்தில் இதைக் காசநோய்க் கட்டி என்றெண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். உங்கள் பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான் கட்டிகளை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் வேலை என்று காட்டினார்கள். வலிப்பு மாத்திரையை மட்டும், மறு ஸ்கேன் பார்த்து டாக்டர் சொல்லும்வரை ஒருவேளைகூட விடாதீர்கள்.

மறுபடி இழுத்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: வீட்டிலுள்ள எல்லோருக்கும், சமைப்பவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் உட்பட, மலப் பரிசோதனை செய்யுங்கள். புழு உள்ளவருக்குத் தொந்தரவே தெரியாமல் இருக்கலாம். ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தாலும் இன்னொருமுறை பாருங்கள். இருந்தால், டாக்டர் தரும் ஒருவேளை மருந்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.